பிள்ளைக்குப் பொருத்தமான முன்பள்ளியைத் தெரிவு செய்தல்

இத்தாலியில் கட்டாயக் கல்வி ஆறு வயதில் தொடங்குகிறது. அதற்கு முற்பட்ட ஆண்டுகளில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதும் அனுப்பாது விடுவதும் பெற்றோரின் விருப்பத்திற்கு உரியது. ஆகவே, பலெர்மோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, பிள்ளையை ஐந்து வயது வரை வீட்டில் வைத்திருக்கின்றன. வேறு சில குடும்பங்கள் பேரன் பேத்தியரை ஊரிலுள்ள பாட்டன் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆறு வயது நெருங்கும்போது திரும்ப அழைத்துக்கொள்கின்றன. இவ்வாறு வந்து சேரும் பிள்ளை, எழுத்தும் எண்ணும் இத்தாலிய மொழியில் கற்பிக்கப்படும் முதலாம் வகுப்பில், அம்மொழியையும் முதன்முறையாகக் கேட்கின்றது. மூன்று ஆண்டுகள் விளையாட்டோடு விளையாட்டாகக் கற்றிருக்கக் கூடியதை அது சில மாதங்களில் கற்க வேண்டியதாகின்றது.

எனவே, எந்த முன்பள்ளி சிறந்தது என்ற வினாவிற்கு முன்னர் எப்போது தொடங்குவது என்ற வினா நிற்கின்றது. மூன்று வயதில் தொடங்கி, நாள் தவறாது சென்று வரக் கூடிய பாடசாலையே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருத்தமான பாடசாலை ஆகும். அத்தகைய பாடசாலையை இனங்காணும் முறையை இப்பாடம் விளக்குகின்றது.

இரு படிகள்

பிறப்பிலிருந்து ஆறு வயது வரையான காலத்தை இத்தாலியக் கல்வி முறை இரு படிகளாகப் பிரிக்கின்றது. முதற்படி அசீலோ நீதோ. மூன்று மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளுக்கு உரியது. 1971ஆம் ஆண்டின் 1044ஆம் இலக்கச் சட்டம் மாநகர சபைகளின் நீதோக்களுக்கு வழிவகுத்தது. இரண்டாம் படி ஸ்குவோலா தெல்லின்பான்சியா. மூன்று முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு உரிய இதுவே தமிழர் முன்பள்ளி என வழங்குவதற்கு ஒப்பானது. அரச முன்பள்ளிகளை 1968ஆம் ஆண்டின் 444ஆம் இலக்கச் சட்டம் ஏற்படுத்தியது. இவ்விரு படிகளையும் ஒரே கல்விப் பாதையாக இணைக்கும் ஒழுங்குவிதி 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

முன்பள்ளிகள் மூவகைப்படும். அரச முன்பள்ளிகள் பெரும்பாலும் இஸ்தித்தூத்தோ கொம்ப்ரென்சீவோ எனப்படும் பாடசாலைத் தொகுதிகளுக்குள் அமைந்துள்ளன. அவற்றிற் சேரும் பிள்ளை பின்னர் அதே தொகுதியின் ஆரம்பப் பாடசாலையில் தொடர்வது எளிது. மாநகர சபையின் முன்பள்ளிகள் இரண்டாம் வகை. 2000ஆம் ஆண்டின் 62ஆம் இலக்கச் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற பாரித்தாரியா எனும் தனியார் முன்பள்ளிகள் மூன்றாம் வகை. இவற்றுட் பல துறவற சபையினரால் நடத்தப்படுகின்றன. அரச முன்பள்ளியிலும் மாநகர சபை முன்பள்ளியிலும் கல்விக் கட்டணம் இல்லை. உணவுக்கான பங்களிப்பு மட்டும் அறவிடப்படும். தனியார் முன்பள்ளியில் மாதக் கட்டணம் உண்டு.

நீதோவின் நிலை வேறு. பிறப்பு முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கான இடங்கள் மிகக் குறைவாக உள்ள இத்தாலிய மாநிலங்களுள் சிசிலியும் ஒன்று. ஆதலால் விண்ணப்பங்கள் புள்ளிகளின்படி வரிசைப்படுத்தப்பட்டு, கிராதுவத்தோரியா எனும் பட்டியல் வெளியிடப்படும். நீதோவில் இடம் கிடைக்காத பெற்றோர் மனம் தளர்ந்து முன்பள்ளிக்கும் விண்ணப்பிக்காது விடலாகாது. முன்பள்ளியில் இடம் பெறுவதற்கான வாய்ப்பு மிக அதிகம்.

எழுத்து எப்போது?

பிள்ளை முன்பள்ளிக்குச் சென்று ஓராண்டாகியும் அதன் கொப்பியில் ஓர் எழுத்தும் இல்லை என்பது தமிழ்ப் பெற்றோரிடம் எழக் கூடிய கவலை. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பாலர் வகுப்பிலேயே எழுத்தும் எண்ணும் எழுதப் பழகிய தலைமுறைக்கு இக்கவலை இயல்பானது. ஆனால் இத்தாலிய முன்பள்ளியின் பணி வேறு விதமாக வகுக்கப்பட்டுள்ளது. 2012ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட வழிகாட்டி அதனை ஐந்து அனுபவக் களங்களாகப் பகுத்தது. தானும் பிறரும், உடலும் அசைவும், உருவம் ஒலி நிறம், பேச்சும் சொல்லும், உலகை அறிதல் என்பன அவை. முறையான வாசிப்பும் எழுத்தும் ஆரம்பப் பாடசாலையின் முதலாம் வகுப்பிற்கு உரியன.

இதன் பொருள் முன்பள்ளியில் கல்வி நிகழவில்லை என்பதன்று. மணி கோக்கும் விரல் பென்சில் பிடிக்கப் பழகுகின்றது. கதையைக் கேட்டுத் திரும்பச் சொல்லும் பிள்ளை வாக்கியம் அமைக்கக் கற்கின்றது. மேசைக்குத் தட்டுகளை எண்ணி வைக்கும் பிள்ளை எண்ணையும் அளவையும் அறிகின்றது. தன் முறை வரும்வரை காத்திருப்பதும், உதவி தேவைப்படும்போது அதனைச் சொல்லிக் கேட்பதும் முதலாம் வகுப்பில் எழுத்தறிவுக்கு இணையாக வேண்டப்படுகின்றன.

தமிழர் மரபும் இதற்கு அயலானதன்று. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்தை எழுதுவிப்பர். அங்கு எழுத்து முதலில் விரல் தொட்டறியும் ஒன்றாகவே பிள்ளையை அடைகின்றது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரியும், பிள்ளைகள் விரலால் தடவி வடிவத்தை உணர்வதற்காக மணற்கடதாசியில் எழுத்துகளை வெட்டி வைத்தார். அவருடைய முதற் சிறுவர் இல்லம் 1907 ஜனவரி 6ஆம் திகதி உரோமின் சான் லொரென்சோ பகுதியில் திறக்கப்பட்டது. அவர் 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி இறங்கியதும், எதிரி நாட்டவர் என்ற காரணத்தால் அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. போர்க்காலத்தின் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்த அவர், 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். தமிழ்ப் பெற்றோர் பலர் ஊரில் மொண்டிசோரி என்ற பெயரை அறிந்திருப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம்.

அப்பெயரை எந்தப் பாடசாலையும் தன் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அது தனியொருவருக்கு உரிமையாக்கப்பட்ட வணிகப் பெயரன்று. பெயர்ப்பலகையைக் கொண்டு பாடசாலையைத் தெரிவு செய்யாது, வகுப்பறைக்குள் நிகழ்வதைக் கண்டு தெரிவு செய்வதே முறை.

வீட்டுத் தமிழும் பாடசாலை இத்தாலியமும்

பிள்ளை இத்தாலிய மொழியை விரைவாகக் கற்க வேண்டும் என்ற எண்ணத்தில், பெற்றோர் சிலர் வீட்டிலும் தமிழைக் கைவிட்டு, தாம் வேலையிடத்தில் கற்ற சிறிதளவு இத்தாலியத்தில் பிள்ளையுடன் பேசுகின்றனர். இதனாற் பிள்ளை இரு வகையில் இழக்கின்றது. வளமான இத்தாலியம் அதற்குப் பெற்றோரிடமிருந்து கிடைப்பதில்லை; வளமான தமிழும் கிடைக்காமற் போகின்றது. ஏன், எப்படி, நேற்று, நாளை, இருந்தால், இல்லாவிட்டால் என்னும் எண்ணங்களை ஒரு மொழியில் உறுதியாகப் பெற்ற பிள்ளை, மற்ற மொழியில் அவற்றுக்கான சொற்களை மட்டும் தேடினாற் போதும். ஆகவே தாயும் தந்தையும் தமக்கு நன்கு வரும் மொழியில் கதை சொல்வதும், பாடுவதும், பிள்ளையின் வினாக்களுக்கு முழு வாக்கியங்களில் விடை கூறுவதும் இத்தாலியக் கல்விக்கும் அடித்தளமாகும். இத்தாலியக் கல்வி அமைச்சு 2022இல் வெளியிட்ட பல்பண்பாட்டு வழிகாட்டலும் தாய்மொழியின் பெறுமதியை ஏற்கின்றது.

புதிய மொழிச் சூழலுக்குள் நுழையும் பிள்ளை சில வாரங்களோ சில மாதங்களோ வகுப்பில் வாய் திறவாதிருக்கலாம். இக்காலத்தில் அது கேட்கின்றது, கவனிக்கின்றது, விளங்கிக்கொள்கின்றது. பேச்சு பின்னரே வருகின்றது. வீட்டில் தமிழில் வழமைபோற் பேசும் பிள்ளையாயின், இம்மௌனம் அச்சத்திற்குரியதன்று. இதனை ஆசிரியைக்குத் தெரிவிப்பது நன்று. தெரிவிக்காவிடின் பிள்ளைக்குப் பேச்சுக் குறைபாடு உண்டென அவர் எண்ணக் கூடும். மாறாக, பிள்ளை தமிழிலும் பேசத் தயங்கினாலோ, அழைத்தால் திரும்பாதிருந்தாலோ, முன்னர் பேசிய சொற்களை இழந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது காட்டுதல் வேண்டும்.

விசேட தேவையுள்ள பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைத்திருப்பது அதன் உரிமையை மறுப்பதாகும். 1992ஆம் ஆண்டின் 104ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கு நீதோவிலும் முன்பள்ளியிலும் இடம்பெறும் உரிமையை உறுதி செய்கின்றது. சுகாதார சேவையின் சான்றிதழின் அடிப்படையில் முன்பள்ளியில் அப்பிள்ளைக்கெனத் துணை ஆசிரியர் நியமிக்கப்படுவார்.

நேரமும் தூரமும்

பல்லரோச் சந்தையை அண்டிய பழைய நகரில் ஒரு குடும்பம் வசிப்பதாகக் கொள்ளலாம். தாய் மொந்தெல்லோவில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் பணிக்குக் காலை ஏழு மணிக்குப் புறப்படுகின்றார். தந்தை உணவகச் சமையலறையில் நண்பகல் முதல் நள்ளிரவு வரை வேலை செய்கின்றார். பிறர் புகழ்ந்து கூறிய முன்பள்ளி ஒன்று நகரின் மறுபுறத்தில் உள்ளது. அது பிற்பகல் ஒரு மணிக்கு மூடப்படுமாயின், பிள்ளையை அழைத்து வர எவரும் இரார். முதல் மாதம் அயலவர் உதவுவர். இரண்டாம் மாதம் பிள்ளை இடையிடையே வீட்டில் நிற்கும். மழைக்காலம் வந்ததும் வரவு நின்றுவிடும். வீட்டிலிருந்து நடந்து செல்லக் கூடிய, மதிய உணவு வழங்கும் எளிய முன்பள்ளியே இக்குடும்பத்திற்குப் பொருத்தமானது.

அரச முன்பள்ளியின் வழமையான நேரம் வாரத்திற்கு 40 மணித்தியாலம். அதனை 50 வரை நீட்டலாம்; காலை வேளைக்கு மட்டும் உரிய 25 மணித்தியாலப் பிரிவும் உண்டு. மதிய உணவு வழங்கும் மென்சா எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. 25 மணித்தியாலப் பிரிவில் உணவு வழங்கப்படுவதில்லை. ஆகவே விண்ணப்பப் படிவத்தில் நேரத்தைக் குறிக்கும் பகுதியைக் கவனமாக நிரப்புதல் அவசியம். மென்சா செப்டெம்பரிலேயே தொடங்குகின்றதா, பின்னர் தொடங்குகின்றதா என்பதையும் பாடசாலையிற் கேட்டறிய வேண்டும்.

நேரிற் பார்த்து அறிய வேண்டியவை

பதிவுக் காலத்திற்கு முன்னர் பாடசாலைகள் பெற்றோரை வரவேற்கும் நாளொன்றை ஒழுங்கு செய்வது வழக்கம். அன்றைய அலங்காரத்தைக் காட்டிலும் பின்வருவன முக்கியமானவை.

1. சுவரிலுள்ள படங்கள். இருபது படங்களும் ஒரே அச்சாக இருந்தால் அவை பெரியவர்களின் கைவண்ணம். ஒவ்வொன்றும் வேறுபட்டிருந்தால் அவை பிள்ளைகளின் கைவண்ணம்.

2. பொருள்களின் உயரம். புத்தகங்களும் விளையாட்டுப் பொருள்களும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

3. ஆசிரியை பேசும் முறை. பிள்ளையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து பேசுகின்றாரா, அறைக்கு அப்பாலிருந்து அதட்டுகின்றாரா என்பதைக் கவனிக்கலாம்.

4. பிள்ளைகளின் எண்ணிக்கை. ஒரு பிரிவில் 18 முதல் 26 வரையான பிள்ளைகள் இருப்பது சட்டம் வகுத்த பொது அளவு. முழுநேரப் பிரிவில் ஆசிரியர் இருவர் பணியாற்றுவர். இருவரும் சேர்ந்திருக்கும் நேரம் எவ்வளவு என்று கேட்கலாம்.

5. மலசலகூடமும் முற்றமும். இவை தூய்மையாகவும் பாதுகாப்பாகவும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் நாள்தோறும் வெளியே விளையாடுகின்றனரா என்றும் வினவலாம்.

6. பெற்றோருடனான தொடர்பு. இத்தாலியம் குறைவாக அறிந்த பெற்றோருடன் பாடசாலை எவ்வாறு பேசுகின்றது, மொழி இணைப்பாளரின் உதவி கிடைக்குமா, அறிவித்தல்கள் எவ்வழியாக வருகின்றன என்பன இதில் அடங்கும். பிள்ளையின் தமிழ்ப் பெயரை எவ்வாறு உச்சரிப்பது என்று ஆசிரியை தாமாகவே கேட்டறிவாராயின் அது நல்ல அறிகுறி.

உணவும் சமயமும் தனியே கவனிக்கத்தக்கன. மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ உண்ணாத பிள்ளைக்கும், மரக்கறி உணவு மட்டும் உண்ணும் பிள்ளைக்கும் மாற்று உணவு வேண்டுமெனப் பதிவின்போது எழுத்து மூலம் கோரலாம். ஒவ்வாமை காரணமாயின் மருத்துவச் சான்றிதழ் தேவை. அரச முன்பள்ளியில் கத்தோலிக்க சமய பாடம் வாரத்திற்கு ஒன்றரை மணித்தியாலம் நடைபெறும். அதில் பங்குபற்றுவதா இல்லையா என்பதைப் பெற்றோர் பதிவுப் படிவத்தில் தெரிவிக்கலாம். பங்குபற்றாத பிள்ளைக்கு இடமளிப்பதில் எந்த வேறுபாடும் காட்டப்படலாகாது.

பதிவும் ஆவணங்களும்

டிசெம்பர் 31ஆம் திகதிக்குள் மூன்று வயது நிறையும் பிள்ளை அவ்வாண்டு செப்டெம்பரில் முன்பள்ளியிற் சேரலாம். அடுத்த ஆண்டு ஏப்பிரல் 30ஆம் திகதிக்குள் மூன்று வயது நிறையும் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்; மற்றவர்களுக்கு இடமளித்த பின்னரே அவர்கள் கருத்திற் கொள்ளப்படுவர். அரச முன்பள்ளிக்கான பதிவு வழமையாக ஜனவரி மாதத்தை அண்டி, அமைச்சு அறிவிக்கும் திகதிகளில் நடைபெறும். ஆரம்பப் பாடசாலைக்கு இணையவழியிற் பதிவதுபோலன்றி, அரச முன்பள்ளிக்குரிய படிவத்தைப் பாடசாலை அலுவலகத்திற் கையளிக்க வேண்டும். மாநகர சபையின் நீதோவிற்கும் முன்பள்ளிக்கும் தனியான அறிவித்தல் ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும்.

ஆண்டின் இடையில் நாட்டிற்கு வரும் பிள்ளையும் காத்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சிறார்கள் கல்வியாண்டின் எக்காலத்திலும் பதிவு கோரலாம் என்பதையும், வதிவிட நிலை எதுவாயினும் அவர்களுக்குக் கல்வி உரிமை உண்டு என்பதையும் 1999ஆம் ஆண்டின் 394ஆம் இலக்க ஒழுங்குவிதியின் 45ஆம் பிரிவு கூறுகின்றது.

தடுப்பூசி கட்டாயமானது. 2017ஆம் ஆண்டின் 119ஆம் இலக்கச் சட்டத்தின்படி பத்துத் தடுப்பூசிகள் தேவை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை அவற்றைப் பெறாது நீதோவிற்கோ முன்பள்ளிக்கோ செல்ல இயலாது. இலங்கையின் அரச தடுப்பூசி அட்டவணையில் கொப்புளிப்பான் எனும் நீர்க்கோளவான் நோய்க்கான ஊசி இடம்பெறுவதில்லை. இந்திய அரச அட்டவணையில் அதனுடன் கூவைக்கட்டுக்கான ஊசியும் இல்லை. ஆகவே ஊரிலிருந்து வரும் பிள்ளையின் தடுப்பூசிப் பதிவேட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து, சுகாதார சேவையின் தடுப்பூசி நிலையத்திற் காட்டி, எஞ்சியவற்றை நேரத்தோடு போடுவித்தல் வேண்டும்.

நீதோக் கட்டணமும் மென்சாக் கட்டணமும் குடும்பத்தின் ஈசே எனும் வருமானக் கணிப்பைப் பொறுத்தவை. அக்கணிப்பு ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 31ஆம் திகதி காலாவதியாகும். ஜனவரியிலேயே காப் அலுவலகமொன்றிற் புதுப்பித்துக்கொள்ளும் குடும்பம் கட்டணக் குறைப்பை இழக்காது. நீதோக் கட்டணத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்ய இன்ப்ஸ் நிறுவனம் உதவித்தொகை வழங்குகின்றது. அதன் அளவு ஈசேயைப் பொறுத்து அமையும். மாதாந்தக் கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டுகள் இதற்குத் தேவைப்படுவதால் அவற்றைச் சேர்த்து வைத்தல் வேண்டும். படிவம் நிரப்புவதில் இடர்ப்படுவோர் பத்ரோனாத்தோ அலுவலகங்களின் உதவியை நாடலாம்.

முதல் வாரங்கள்

இத்தாலியப் பாடசாலைகள் பிள்ளையை முதல் நாளே முழுநேரம் வைத்துக்கொள்வதில்லை. முதலிற் பெற்றோருடன் ஒரு மணித்தியாலம், பின்னர் தனியே சிறிது நேரம், அதன்பின் உணவு வரை எனப் படிப்படியாக நேரம் கூட்டப்படும். இதற்கு இன்செரிமெந்தோ என்று பெயர். ஓரிரு வாரங்கள், சில வேளைகளில் அதனினும் கூடிய காலம் எடுக்கும். நாட்கூலி இழக்க நேருமே என்று இதனைத் தவிர்க்க விரும்பும் பெற்றோர் உள்ளனர். ஆயின் அவசரமாக விடப்பட்ட பிள்ளை பல மாதங்கள் அழுது வருந்தலாம். செப்டெம்பர் மாத விடுப்பை வேலை வழங்குநரிடம் கோடைக்கு முன்னரே கேட்டுக்கொள்வது நன்று. தாய்க்கு இயலாதாயின் தந்தையோ பாட்டியோ உடனிருக்கலாம்; நாள்தோறும் அதே ஒருவர் இருத்தல் விரும்பத்தக்கது.

பிள்ளை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது அதற்குத் தெரியாமல் நழுவிச் செல்லும் வழக்கம் நம்பிக்கையைக் குலைக்கும். எப்போது திரும்பி வருவார் என்பதைப் பிள்ளைக்கு விளங்கும் வகையில், உணவு முடிந்ததும், உறங்கி எழுந்ததும் என்று கூறி விடைபெற்று, சொன்ன நேரத்தில் வருதல் வேண்டும். பெற்றோர் வர இயலாத நாள்களில் பிள்ளையை அழைத்துச் செல்லும் சித்தி, மாமா, அயலவர் ஆகியோரின் பெயர்களைத் தெலேகா எனும் ஒப்புதற் படிவத்தில் முன்கூட்டியே எழுதிக் கையளிக்க வேண்டும். படிவத்தில் இல்லாதவரிடம் பிள்ளை ஒப்படைக்கப்படமாட்டாது. பொதுவாக அவர் 18 வயது நிரம்பியவராயும் இருத்தல் வேண்டும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

பெற்றோர் இருவரும் பின்வரும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னர் விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது பயன் தரும்.

1. பிள்ளையைக் காலையில் விடுபவர் யார்? அழைத்து வருபவர் யார்? அவர் நோயுற்றால் அப்பொறுப்பை ஏற்பவர் யார்?

2. வீட்டிற்கு அண்மையிலுள்ள இரண்டு முன்பள்ளிகளின் நேரம், மென்சா, ஆரம்பப் பாடசாலைத் தொடர்பு என்பன எவ்வாறு வேறுபடுகின்றன?

3. தடுப்பூசிப் பதிவேட்டில் எஞ்சியிருப்பவை எவை? இவ்வாண்டுக்கான ஈசே பெறப்பட்டுள்ளதா?

4. பிள்ளையின் உறக்கம், உணவு, அச்சம், விருப்பமான விளையாட்டு ஆகியவற்றுள் ஆசிரியை முதல் நாளே அறிந்திருக்க வேண்டியவை எவை?

5. மாலையில் பிள்ளையுடன் தமிழிற் பேசவும் கதை சொல்லவும் வீட்டில் ஒதுக்கப்படும் நேரம் எவ்வளவு?

ஐந்தாம் வினாவிற்கான விடை எந்த விண்ணப்பப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. ஆயினும் மூன்று ஆண்டுகளின் பின்னர் முதலாம் வகுப்பின் வாசலில் நிற்கும் பிள்ளை இரு மொழிகளோடு நிற்பதா என்பது பெரிதும் அதனையே பொறுத்தது.